மார்கழிக் காலையில் முரண்டு பிடிக்கும் ஜீப்

ஏற்காடு நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா காலத்து எம்எம் 540 ஜீப், 1997 மாடல், பீஜோ டீசல் இன்ஜின். கார்த்திகை பிறந்ததிலிருந்து காலையில் கிளம்ப மாட்டேன் என்கிறது. செல்ஃப் அடித்தால் மெதுவாகச் சுற்றுகிறது, பின்னால் வெள்ளைப் புகை தள்ளுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. நாலு பேர் தள்ளிச் சரிவில் உருட்டினால் கிளம்பிவிடுகிறது. அதன்பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. இன்னொரு தொல்லை, சேலத்துக்கு இறங்கும்போது பாதி மலையில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றியாயிற்று. இன்னொரு பட்டறையில் டீசல் பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். காபிப் பழம் எடுக்கிற நேரம், வண்டி இல்லாமல் ஆகாது. சரிசெய்வதா, விற்றுவிடுவதா என்று கேட்கிறார்.

தம்பி, பம்பைக் கழற்றாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வெள்ளைப் புகை எரியாத டீசல். பம்ப் டீசலை அனுப்புகிறது, நாசில் அதை உள்ளே அடிக்கிறது, எரிய வேண்டிய சூடுதான் உள்ளே இல்லை. பம்ப் போயிருந்தால் புகையே வராது, இல்லாவிட்டால் கிளம்பிய பிறகும் இழுவை இருக்காது. உங்கள் வண்டி நாள் முழுக்க ஓடுகிறது. பம்பைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் காசு செலவில்லாதது.

நான் சேலத்தில் 28 வருடம் பட்டறை வைத்திருந்தவன். ஏற்காட்டு எஸ்டேட் வண்டிகள்தான் அந்த நாளில் பாதிச் சோறு போட்டன. ஐப்பசி மழை விட்டு, கார்த்திகை கடைசியில் பனி விழத் தொடங்கினால் மலையிலிருந்து வண்டிகள் வரிசையாக இறங்கும். எல்லோரும் ‘குளிர்ல கெட்டுப்போச்சு’ என்றுதான் சொல்வார்கள். திறந்து பார்த்தால் அநேகமாகச் சித்திரையிலேயே கெட்டுப்போன சாமானாக இருக்கும். கோடையில் இன்ஜின் தொட்டால் பிடித்துக்கொள்ளும், அதனால் கிளம்பும் முன் இன்ஜினுக்குள் சூடு தருகிற நாலு ஹீட்டர் பிளக்கில் மூன்று செத்தாலும் நமக்குத் தெரியாது. குளிர் வந்து கணக்குக் கேட்கும்போதுதான் தெரியும்.

மலைக்கு மேலே ஏன் இன்னும் மோசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘சேலத்துல வச்சுப் பார்த்தேன், நல்லா ஸ்டார்ட் ஆச்சே’ என்று மெக்கானிக் சொல்வது பொய்யில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மார்கழி விடியலில் சேலத்தில் 18, 19 டிகிரி இருந்தால் ஏற்காட்டில் 12, 13 தான், சில நாள் அதற்கும் கீழே. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி, அந்த இறுக்கத்தில் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். உள்ளே போகும் காற்றே குளிர்ந்த காற்று, மலை உயரத்தில் அது அடர்த்தி குறைந்த காற்றும்கூட. சேலத்தில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு காற்றழுத்தம் குறைவு. போதாததற்கு உங்கள் பீஜோ இன்ஜினில் டீசல் நேரே பிஸ்டன் தலையில் விழுவதில்லை, ஹெட்டில் உள்ள ஒரு சின்ன அறைக்குள் விழுகிறது. அந்த அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால்தான் அதற்கு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த, டீசல் நேரே பிஸ்டன் தலையில் விழுகிற டிஐ இன்ஜின் ஜீப்புகளுக்கு அது வேண்டியதில்லை. பக்கத்து எஸ்டேட் டிஐ ஜீப் ஒரே அடியில் கிளம்புகிறதே என்று பார்த்து ஏங்காதீர்கள், அது வேறு சாதி.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் இறுக்குகிற நேரத்தில் காற்று கசிந்துவிடும், சூடும் சுவரில் போய்விடும். ஆக உங்கள் வண்டியில் இரண்டு சந்தேகம்: சுற்றும் வேகம் போதவில்லை, ஹீட்டர் வேலை செய்யவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். உருட்டினால் கிளம்புகிறது என்பதும் இதற்குச் சாட்சிதான், உருளும்போது இன்ஜின் செல்ஃப்பைவிட வேகமாகச் சுற்றுகிறது.

முதலில் வேகம். புது பேட்டரி போட்டும் மெதுவாகச் சுற்றினால் கரண்ட் போகிற வழியில் கோளாறு. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். காலையில், வண்டியைத் தொடுவதற்கு முன், பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 12.6 இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. புது பேட்டரியே 12.2 காட்டினால் டைனமோ, அதாவது ஆல்டர்நேட்டர், சார்ஜ் ஏற்றவில்லை, இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். அடுத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். பத்துக்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது. ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் வலுவில்லை, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

பேட்டரி முனையில் வோல்ட் நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால், அப்புறம்தான் என் அனுபவத்தில் பத்தில் ஆறு வண்டியில் பிடிபட்ட இடம் வருகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப் மீது வேண்டாம். மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டி வெளுப்பாக்கிய இரும்பில் வையுங்கள். இப்போது செல்ஃப் அடித்தால் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்ட் காட்டினால் எர்த் கேபிள் போச்சு. மீட்டர் இல்லையா? ஒரு ஜம்பர் கேபிளை நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நேரே மாட்டி செல்ஃப் அடியுங்கள். திடீரென்று விறுவிறுவென்று சுற்றினால் விடை கிடைத்துவிட்டது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதில் நன்றாக அவமானப்பட்டிருக்கிறேன். ஒரு எஸ்டேட் ஜீப்புக்கு பேட்டரி மாற்றினேன், செல்ஃப் மோட்டாரில் கார்பன், புஷ் எல்லாம் மாற்றினேன். அப்படியும் கிழவன் மாடியேறுகிற மாதிரிதான் சுற்றியது. மூன்றாம் நாள் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தபோது ஆக்சிலரேட்டர் கேபிளிலிருந்து லேசாகப் புகை வந்தது. மேலுறை இளகிக் கையில் ஒட்டியது. இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் பட்டை அறுந்து ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு கரண்டும் திரும்பிப் போக வழியில்லாமல் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. அந்தப் பட்டை அன்றைக்கு ஒரு சாப்பாட்டு விலை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய டிரைவர் மட்டும் அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்.

மலையில் இது அதிகம் வரக் காரணம் ஈரம். ராத்திரி முழுக்க மூடுபனி பானெட்டுக்குள் இறங்கி நிற்கும். கேபிள் முனையில் பச்சைக் களிம்பு பூக்கும். மேலே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையும். கொதிநீரில் சமையல் சோடா கலந்து ஊற்றினால் பேட்டரி முனைக் களிம்பு நுரைத்துக்கொண்டு கரையும். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்காமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். துடைத்து, உப்புத்தாள் போட்டு, மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். வாசலினைப் பூசிவிட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு.

இனி ஹீட்டர் பிளக். சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது, அதனால் ஹீட்டர் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அந்த விளக்குக்கும் பிளக் உயிரோடு இருப்பதற்கும் சம்பந்தமில்லை. நாலு பிளக்கையும் சேர்க்கும் தகட்டைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் வைத்த ஒரு டெஸ்ட் லேம்ப்பை எடுத்து ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். விளக்கு எரிந்தால் அந்தப் பிளக்கின் கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் பிளக் செத்தது. மீட்டரில் ஓம் பார்த்தால் நல்ல பிளக் ஒரு ஓம் சுற்றுவட்டத்தில் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. பிறகு தகட்டை மாட்டிவிட்டு, சாவியை ஹீட்டரில் வைத்து, தகட்டுக்கு 11 வோல்ட்டாவது வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பிளக் நன்றாக இருந்தாலும் ரிலேயோ வயரோ போயிருக்கிறது. நாலு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குப் போய் வீட்டு வயர் மாதிரி ஒல்லியான வயரைப் போட்டு ‘ஒட்டு’ போட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிளக் மாற்றுவதானால் நாலையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பிளக் ஹெட்டில் துருவேறி இறுகியிருக்கும். குளிர்ந்த இன்ஜினில் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும், அப்புறம் ஹெட்டைக் கழற்றுகிற வேலை. முதல்நாள் துரு எண்ணெய் விட்டு, மறுநாள் ஒரு சுற்று ஓட்டி இன்ஜின் சூடான பிறகு கழற்றுங்கள். மாட்டியதும் காலையில் இருபது விநாடி பொறுத்து அடியுங்கள். அவசரப்பட்டு ஐந்து விநாடியில் அடித்துவிட்டு ‘பிளக் மாத்தியும் ஆகலை’ என்று வருகிறவர்கள் உண்டு.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் தொல்லை இருந்தால் டீசல் லைனில் காற்று. ராத்திரியில் எங்காவது ஒரு வாஷர் வழியாகக் காற்று புகுந்து, டீசல் டேங்குக்குத் திரும்பிப் போய்விடும். அப்படியானால் முதல் சில சுற்றில் புகையே வராது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும். பில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு சாண் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடினால் கண்ணுக்கே தெரியும். உங்கள் வண்டியில் உடனே புகை வருகிறது என்பதால் எனக்கு இது இரண்டாம் சந்தேகம்தான்.

பெட்ரோலில் நனைத்த துணியை ஏர் கிளீனர் வாயில் காட்டுகிறது, ஸ்பிரே அடிக்கிறது இதெல்லாம் வேண்டாம். ஹீட்டர் சிவந்திருக்கும் அறைக்குள் அது போனால் நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும். பிஸ்டன் உடைந்த வண்டியை நானே பிரித்திருக்கிறேன். சரிவில் நிறுத்தி உருட்டுவதும் மலையில் எல்லோருக்கும் பழக்கம், எனக்குத் தெரியும். ஆனால் இன்ஜின் ஓடாதபோது, பெடலை லேசாக்குகிற பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) கிடையாது. பெடல் கல் மாதிரி இருக்கும். கீழே பள்ளம் இருக்கிற ரோட்டில் அதை நம்பி உருட்டாதீர்கள், களத்திலோ சமதளத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று கேட்கிறேன்: வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா? சேலத்து வெயிலில் ஏதோ ஒரு வருடம் இன்ஜின் சூடேறியிருக்கும், யாரோ ஒரு மெக்கானிக் அந்த வால்வைக் கழற்றி வீசியிருப்பார். எங்கள் ஊரில் இது பரம்பரை வைத்தியம். வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டே இருக்கும், ஏற்காட்டுக் குளிரில் இன்ஜின் 80 டிகிரியை எட்டவே எட்டாது. டீசல் அதிகம் குடிக்கும், கரி பிடிக்கும், எரியாத டீசல் கழுவிக்கொண்டு போய் ஆயிலில் கலக்கும். பார்ப்பது சுலபம். கிளம்பி ஐந்து நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் மெதுவாக வெதுவெதுவென்று ஆகிக்கொண்டே வந்தால் வால்வு இல்லை. ரொம்ப நேரம் சில்லென்று இருந்து பிறகு சட்டென்று சுட்டால் இருக்கிறது. இல்லையென்றால் ஒன்று வாங்கிப் போடுங்கள். கோடையில் சூடேறினால் காரணம் வேறு, பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு. சேலத்து போர்வெல் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் டீக்கடை பாய்லரில் படிகிற அதே சுண்ணாம்பு உள்ளே படியாமல் என்ன செய்யும்? கூலன்ட் ஊற்றுங்கள். ‘நம்ம ஊர்ல தண்ணி உறையாதே, அது எதுக்கு’ என்பார்கள். உறையாமல் இருப்பதற்காக இல்லை, துருப்பிடிக்காமலும் சுண்ணாம்பு படியாமலும் இருக்கத்தான். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த மூடி அழுத்தம் பிடித்துவைப்பதால்தான் ரேடியேட்டரில் கொதிக்காமல் இருக்கிறது.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் கலந்த மாதிரி பழுப்பு நுரை இருக்கும், பார்த்ததும் ஹெட் கேஸ்கட் போச்சு என்று பயமுறுத்துவார்கள். மலைமேலேயே நாகலூருக்கும் ஒண்டிக்கடைக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் இன்ஜின் முழுச்சூடு ஏறாமல் ஈரம் தங்கி இப்படி நுரைக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு தடவை சேலம் போய் ஏறி வந்தால் போய்விடும். டிப் ஸ்டிக்கிலேயே ஃபில்டர் காபி நிறம் தெரிந்தால்தான் விஷயம். ஆயில் 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் அடுத்த முறை 15டபிள்யூ-40 ஊற்றுங்கள், முன்னால் உள்ள எண் குறைந்தால் குளிரில் லகுவாக ஓடும். டேங்கை ராத்திரியில் காலியாக வைக்காதீர்கள். காலி இடத்தில் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து டீசலில் தண்ணீராக இறங்கும். பில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து வாரம் ஒருமுறை கொஞ்சம் வடித்துவிடுங்கள்.

இனி பிரேக். கிளம்பாத வண்டி வீட்டில்தான் நிற்கும், நிற்காத வண்டியைப் பற்றித்தான் எனக்குப் பயம். உங்களிடம் இருக்கும் பணம் முதலில் இதற்குத்தான் போக வேண்டும்.

பிரேக் கோளாறில் மூன்று விதம் இருக்கிறது, காலிலேயே தெரியும். மலையேறும்போதும் ஊருக்குள்ளும் நன்றாக இருந்து, இறக்கத்தில் பத்து வளைவு தாண்டியதும் பெடல் பஞ்சாகி, அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி நன்றாக இருக்கிறதா? பிரேக் ஆயில் கொதிக்கிறது. பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை, கருகிய வாடை வருகிறதா? லைனிங் சூடேறி வழுக்குகிறது. சமதளத்தில் நிறுத்தி ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. நீங்கள் எழுதியது முதல் வகை மாதிரி இருக்கிறது. மூன்றாவது சோதனையையும் செய்துவிடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். மலை ஈரத்தில் இன்னும் வேகமாக உறிஞ்சும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அதற்கான வரம்பே 140 தான். சேலம் ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம்மின் சூடு வீல் சிலிண்டருக்குப் போகும். உள்ளே நீராவிக் குமிழி உண்டானதும் உங்கள் கால் ஆயிலை அழுத்தவில்லை, அந்தக் குமிழியைத்தான் அழுத்துகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஆயிலையும் வடித்து மாற்ற வேண்டும். டப்பாவில் குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது. வடிக்கும்போது ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். புது ஆயில் நல்லெண்ணெயைவிட வெளிறி இருக்கும். உங்களுடையது கருப்பட்டிக் காபி மாதிரி வந்தால் அப்பா காலத்து ஆயில் என்று அர்த்தம்.

ஆயில் மாற்றிவிட்டாலும் இறங்குகிற முறை முக்கியம். எந்த கியரில் அந்த வளைவை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியர், பிரேக்கை விட்டு விட்டு அழுத்தமாக மிதித்து எடுக்க வேண்டும், காலைப் பெடல் மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பற்றிப் பேசவே எனக்கு இஷ்டமில்லை. ஏறி வருகிறவனுக்கு வழி விடுங்கள். குப்பனூர் வழியாக இறங்கினாலும் இதே கணக்குத்தான்.

பூஸ்டர் இருக்கிற வண்டியானால் ஒரு சோதனை. இன்ஜினை அணைத்து ஐந்து தடவை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். மிதித்த காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கம் ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது வேக்கம் பம்ப். டீசல் வண்டியில் அது பெரும்பாலும் ஆல்டர்நேட்டரின் முதுகிலேயே இருக்கும்.

ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இறுக்கி விட்டுப் போனால் ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் வண்டி நகராது, நகர்ந்தால் டமாரென்று ஒரு சத்தம். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கல் வையுங்கள். கல்லை மறக்காமல் எடுத்து ஓரமாகப் போடுங்கள். மலை ரோட்டில் யாரோ விட்டுப்போன கல்லில் ஏறி விழுந்த டூவீலர்க்காரர்களின் எலும்பைக் கேட்டால் தெரியும்.

மூடுபனிக்கு ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீம், வளைவில் ஹாரன், அவ்வளவுதான். ஹெட்லைட் மங்கலாக இருந்தால் பெரிய பல்ப் வாங்குவதற்கு முன் பல்ப் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். இங்கேயும் எர்த்தில் பச்சைக் களிம்புதான் இருக்கும். ஏசி இல்லாத ஜீப்பில் உள்கண்ணாடியில் ஆவி அதிகமாகப் படிவதற்கு ஒரு காரணம் கண்ணாடியில் உள்ள எண்ணெய்ப் படலம். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டு, பக்கத்துத் திரையைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். குளிரத்தான் செய்யும். கண் தெரியாமல் ஓட்டுவதைவிட அது மேல்.

எலி. இதைச் சொல்லாமல் விடக்கூடாது. குளிர் வந்தால் எஸ்டேட் எலிக்கெல்லாம் வெதுவெதுப்பான இன்ஜின்தான் விடுதி. காலையில் பானெட்டைத் திறந்து, வயர் கடிபட்டிருக்கிறதா, ஏர் கிளீனருக்குள் இலை, பஞ்சு, காபித் தோல் எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். வண்டிக்குள் முறுக்குப் பொட்டலம் வைக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும்.

டயர் காற்று பற்றி ஒரு வேடிக்கை. சேலத்து மதிய வெயிலில் 30 பிஎஸ்ஐ வைத்துவிட்டு ஏற்காட்டு விடியலில் அளந்தால் குளிரால் மூன்று குறைய வேண்டும். ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் இரண்டு கூட்டிக் காட்டும். மிச்சம் ஒன்றுதான். அதனால் மூன்று நாலு குறைந்திருந்தால் குளிரின் மேல் பழி போடாமல் பஞ்சர் பாருங்கள்.

கார்புரேட்டர் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. சேலத்தில் டியூன் பண்ணிய கார் மேலே வந்தால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கருக்கும். சில பழைய கார்களில் ஏர் கிளீனர் மூக்கில் கோடை, குளிர் என்று திருப்புகிற நெம்பு இருக்கும், அதைத் திருப்பத் தெரியாமலே முப்பது வருடம் ஓட்டியவர்கள் உண்டு. பனிக்காலையில் கிளம்பாவிட்டால் இருட்டிலேயே பானெட்டைத் திறந்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீல நூல் மாதிரி பொறி ஊர்ந்தால் மூடியில் ஈரமோ விரிசலோ இருக்கிறது. இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் ஊறவைக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற காரில் இது முக்கியம்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்றால், இன்ஜினைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்ஜின் சாமானுக்கு சேலத்தில் பஞ்சமில்லை, லாரி ஊர் இது. சேஸிஸைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் படுத்து ஒரு சின்னச் சுத்தியலால் சேஸிஸ் நெடுக, ஸ்பிரிங் மாட்டுகிற இடங்களில் விடாமல் தட்டிக்கொண்டே வாருங்கள். ணங்கென்று மணிச்சத்தம் வருகிற வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். எங்காவது பொத்தென்று அடைத்த சத்தம் வந்து துரு உதிர்ந்தால், அந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். உள்ளே போனால் விற்கிற யோசனையை நானும் ஆதரிப்பேன். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைத்துவைத்திருக்கிற இடம் இருக்கலாம், பெயின்ட்டை நம்பாமல் சத்தத்தை நம்புங்கள். அடியில் கழிவு ஆயில் அடித்தால் துருப்பிடிக்காது என்று யாராவது சொல்வார்கள். புஷ் ரப்பரெல்லாம் ஊதிப்போகும், மழையில் அது கழுவிக்கொண்டு ஊற்றுத் தண்ணீரில்தான் போய்ச் சேரும். சேற்றைக் கழுவி, காயவிட்டு, துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தால் போதும். மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே புழுங்கி சீட்டில் பூசணம் பிடிக்கும். கூரை இருந்து காற்றோடும் கொட்டகைதான் நல்லது.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டி, எஃப்சி (தகுதிச் சான்று) எந்தத் தேதி வரைக்கும் என்று ஆர்சி புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மலை இறங்கும் வழியில் பிடித்து நிறுத்தினால் காபிப் பழ மூட்டை ஏற்றிய வண்டியோடு நிற்க வேண்டிவரும்.

மார்கழியோடு இது முடியாது, தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வேலைக்கு வராத நாளாகப் பார்த்து, விடியலில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே எர்த் கேபிளையும் நாலு பிளக்கையும் சோதியுங்கள். அதுவரைக்கும் சேலத்துக்கு இறங்குகிற வேலையை பஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் லேம்ப் எத்தனை பிளக்கில் எரிந்தது என்று எனக்கு எழுதுங்கள். இரண்டுதான் எரியும் என்பது என் கணக்கு.